பிளெக்ஸில் போடும் பேக்கேஜும் வங்கிக் கணக்கில் விழும் சம்பளமும்: கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகள், மேலாண்மைக் கல்லூரிகளின் செயலர்கள், முதல்வர்கள், பிளேஸ்மென்ட் அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சம்பளப் பட்டியல் போடுகிறவர்கள், ஆள் எடுக்கிறவர்கள், தணிக்கை அலுவலகங்களில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்கள் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. மாணவர்கள் வேலையில் சேரும் நாளில் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் எடுக்க அவர்களுக்கு உதவுவது எங்கள் மேசை. முதல் சம்பளம் விழுந்த மறுநாள் "கணக்குல ஏதோ தப்பு இருக்கு சார்" என்று அவர்கள் வந்து நிற்பதும் அதே மேசைதான். பெரும்பாலும் கணக்கில் தப்பு இருக்காது. கல்லூரியில் அவர்களுக்குச் சொல்லப்பட்ட எண் வேறு, சம்பளம் என்பது வேறு.

கேட்பது ஒன்றுதான். அட்மிஷன் விளம்பரத்தில் 'ஹையஸ்ட் பேக்கேஜ்' என்று ஒற்றை மாணவரின் படத்தோடு போடும் இடத்தில் வேறு இரண்டு எண்களைப் போடுங்கள். வகுப்பின் நடுவில் இருக்கும் மாணவருக்கு மாதம் கையில் வருவது எவ்வளவு என்பது ஒன்று. மூன்று வருஷம் கழித்து அந்த வகுப்பு எவ்வளவு வாங்குகிறது என்பது இன்னொன்று.

முதலில் சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டில் செய்யும் மொத்தச் செலவு என்ற எண்ணைப் பிரித்துக் காட்டிவிடுகிறோம். பி.காம். முடித்தவருக்கு ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் என்று ஆஃபர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உடனே பன்னிரண்டால் வகுத்து "மாசம் இருபதாயிரம்" என்பார்கள். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் அனெக்சர் என்று ஒரு கட்டம் போட்ட தாள் இருக்கும். அதில் இந்த 20,000 இப்படி உடைந்திருக்கும்: பேஸிக் 12,000. அந்த பேஸிக்கின் மேல் நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு 12 விழுக்காடு, 1,440. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கென்று 4.81 விழுக்காடு, 577. சட்டப்படியான போனஸ் 583. அது தீபாவளியை ஒட்டி ஒரே தொகையாக வரும், மாதாமாதம் வராது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, 548. இவையெல்லாம் போக, பேஸிக்கும் அலவன்ஸ்களும் சேர்ந்த மொத்தச் சம்பளம் 16,852. அதிலிருந்து ஊழியரின் பி.எஃப். பங்கு 1,440, இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடாக 127, தொழில்வரி மாதக் கணக்கில் 208 பிடித்தம் ஆகும். வங்கியில் விழுவது 15,077.

இருபதாயிரத்துக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய ஐயாயிரம். இதில் யாரும் ஏமாற்றவில்லை. பி.எஃப். இரு பங்கும் அவர் கணக்கிலும் ஓய்வூதிய நிதியிலும்தான் சேர்கின்றன, இ.எஸ்.ஐ.யால் வீட்டுக்கே மருத்துவம் கிடைக்கிறது. நெருடலானது கிராஜுவிட்டி ஒன்றுதான். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷம் முடிந்தால்தான் அது கைக்கு வரும். முதல் வேலையில் ஐந்து வருஷம் இருக்கும் பி.காம். பட்டதாரிகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். ஆக அந்த 577 பெரும்பாலானவர்களுக்கு எழுத்தில் மட்டும் இருக்கும் பணம். ஒப்பந்தக் காலம் குறித்து எடுக்கப்படுகிறவர்களுக்கு ஒரே ஆண்டில் கிராஜுவிட்டி உண்டு என்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. உங்கள் மாணவர் எந்த வகையில் எடுக்கப்படுகிறார் என்பதை ஆஃபர் வரும்போதே கேட்டுவிடுங்கள்.

எம்.பி.ஏ.வில் இடைவெளி இன்னும் பெரிது. ஏனென்றால் அங்கே வேரியபிள் என்று, செயல்பாட்டைப் பொறுத்து வரும் தொகை ஒன்று நுழைகிறது. 5,40,000 ரூபாய் சி.டி.சி. கொண்ட ஒரு விற்பனை வேலையை எடுத்துக்கொள்வோம். அதில் 1,08,000 வேரியபிள். ஜாயினிங் போனஸ் 25,000. ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். பி.எஃப். உச்சவரம்பான 15,000-க்குக் கணக்கிட்டு நிறுவனப் பங்கு 21,600. கிராஜுவிட்டி 10,390. குழுக் காப்பீட்டு பிரீமியம் 9,010. இவற்றைக் கழித்தால் ஆண்டுக்கு 3,66,000, மாதம் 30,500. பி.எஃப். 1,800-ம் தொழில்வரி 208-ம் போனால் 28,492. இந்தச் சம்பளத்துக்கு வருமானவரி கிடையாது. இ.எஸ்.ஐ.யும் கிடையாது, மாதம் 21,000-க்கு மேல் போய்விட்டதே. ஆனால் வீட்டில் எல்லாரும் மனதில் வைத்திருப்பது 45,000.

அந்த வேரியபிளாவது வருமா? டார்கெட்டில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று பல திட்டங்களில் இருக்கும். 80-ஐத் தொட்டால் பாதி, 100-ஐத் தொட்டால் முழுசு. சேர்ந்து மூன்று மாதம் பயிற்சி, ஒதுக்கிய விற்பனைப் பகுதி பழக இன்னும் மூன்று மாதம். முதல் வருஷத்தில் முழு இன்சென்டிவ் வாங்கும் புதியவர் அபூர்வம். அதனால் வேரியபிளைச் சம்பளத்தில் கூட்டிச் சொல்லாதீர்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். வெளியிடும் பிளேஸ்மென்ட் அறிக்கையில் உறுதியான தொகையும் செயல்பாட்டைப் பொறுத்த தொகையும் தனித்தனியாகத்தான் இருக்கும். அதற்கென்று ஒரு பொது வரையறை இருக்கிறது, அறிக்கையைத் தணிக்கையும் செய்கிறார்கள். அங்கே செய்ய முடிவதை நம் ஊர்க் கல்லூரியிலும் செய்யலாம். எக்செல்லில் இரண்டு பத்தி கூடுதல், அவ்வளவுதான்.

இதே மாணவர் கல்விக்கடன் வாங்கியிருந்தால் கணக்கு இன்னும் இறுகும். 4 லட்சம், 10.5 விழுக்காடு வட்டி, ஏழு வருஷம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 6,750. படிக்கும் காலத்திலும் முடித்து ஒரு வருஷம் வரையிலும் தவணை கட்ட வேண்டாம், வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். கையில் வரும் 28,492-ல் கால்பங்கு அங்கே போய்விடுகிறது. சேரும்போதே இது தெரிந்தால் கடனைக் குறைத்து வாங்குவார்கள். அல்லது இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ.வுக்கு வருவார்கள், அதுவும் நல்லதுதான்.

அடுத்து, சராசரி. இருபது பேர் கொண்ட பட்டியலில் பதினேழு பேருக்கு 2.4 லட்சம், இரண்டு பேருக்கு 4 லட்சம், ஒருவருக்கு 12 லட்சம். சராசரி 3.04 லட்சம். விளம்பரத்தில் 'ஆவரேஜ் 3 லட்சம்' என்று போட்டால் பொய்யில்லை. ஆனால் இருபதில் பதினேழு பேர் அந்தத் தொகையைப் பார்க்கவே மாட்டார்கள். சம்பளத்தைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 2.4. அதுதான் இடைநிலை.

இடைநிலையைக் கணக்கிட எங்களுக்கு வசதி இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் மூன்று ஆண்டுகளுக்கு எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்பதை ரூபாயில் எழுதிக் கொடுக்கிறது. அந்த பி.டி.எஃப். கல்லூரி இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். டெல்லிக்கு அனுப்பும் எண் ஒன்று, பேருந்து நிலையத்துப் பிளெக்ஸில் இருக்கும் எண் இன்னொன்று. பெற்றோர் பார்ப்பது பேருந்து நிலையத்தைத்தான்.

'100% பிளேஸ்மென்ட்' என்பதற்கும் ஒரு வார்த்தை. இறுதியாண்டில் 120 பேர் இருக்க, அரியர் இல்லாமல், விருப்பம் தெரிவித்துப் பதிவுசெய்தவர்கள் 46 பேர் என்றால், 46-ஐ வைத்து வகுப்பது ஒரு வித்தை. ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணுவது இரண்டாவது வித்தை. வேலைவாய்ப்பு எண்ணிக்கையை விளம்பரம் செய்தால் அந்த வகுப்பில் மொத்தம் தேறியவர்கள் எத்தனை என்பதையும் உடன் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ.யின் கல்வி விளம்பர நெறிமுறையிலேயே இருக்கிறது. ஆஃபரை எண்ணாமல் ஆளை எண்ணுங்கள். அதிலும் செப்டம்பர் 30 அன்று உண்மையில் வேலையில் இருப்பவர்களை எண்ணுங்கள். ஜனவரியில் ஆஃபர் கொடுத்துவிட்டு ஆகஸ்டில் "ப்ராஜெக்ட் இல்லை, காத்திருங்கள்" என்று சொல்வது வாடிக்கையாகிவிட்டது. கல்லூரி கணக்கில் அந்த மாணவர் எப்போதோ 'பிளேஸ்டு'.

செப்டம்பர் 30-க்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. பிளேஸ்மென்ட் அலுவலர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஏப்ரல் இன்க்ரிமென்ட் நடைமுறை உள்ள நிறுவனங்கள் பலவற்றில் முந்தைய செப்டம்பர் 30-க்குள் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்த ஏப்ரலில் அப்ரைசல். அக்டோபர் 3-ஆம் தேதி சேர்ந்தவர் அதற்கடுத்த ஏப்ரல் வரை, பதினெட்டு மாதம் அதே சம்பளத்தில் இருக்க வேண்டும். மூன்று நாள் தாமதம், ஒரு வருஷ இன்க்ரிமென்ட் போச்சு. நிறுவனத்தோடு தேதி பேசும்போது "அப்ரைசல் கட்-ஆஃப் எப்போது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பல சமயம் சேரும் தேதியைச் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு இழுத்துவிடலாம்.

தொடக்கச் சம்பளத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், அதன் நிழல் வெகுதூரம் விழுகிறது. அடுத்த கம்பெனி கடைசி மூன்று பே ஸ்லிப்பைக் கேட்கும், பழைய சி.டி.சி.யின் மேல் 25, 30 விழுக்காடு என்று பேசும். 2.4-ன் மேல் 30 விழுக்காடு என்றால் 3.12. அதே வேலைக்கு 3.5 லட்சத்துக்கு மேல் கொடுக்கத் தயாராக இருக்கும் கம்பெனியும் பழைய பே ஸ்லிப்பைப் பார்த்ததும் அங்கேதான் நிற்கும். இன்னொரு நுணுக்கம்: மொத்தச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்த அரையாண்டு முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். அப்பா அம்மாவின் சிகிச்சை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஓடிக்கொண்டிருந்தால் புதிய கம்பெனியின் காப்பீட்டில் பெற்றோருக்கு இடமுண்டா என்று கேட்டுவிட்டுத்தான் மாற வேண்டும்.

வளர்ச்சி எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்பதை இனி சொல்கிறோம். இதுதான் உங்கள் பாடத்திட்டத்தையும் தொடும் இடம்.

கணக்குத் துறையில் சேரும் புதியவரின் மாதம் தேதிகளால் ஆனது. 7-ஆம் தேதி, பிடித்து வைத்த வருமானவரியான டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11-ஆம் தேதி விற்பனை விவரத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1. 14-ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வந்துவிடும். 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 20-ஆம் தேதி, ஜி.எஸ்.டி. கட்டும் 3பி. பதினான்குக்கும் இருபதுக்கும் நடுவே நடக்கும் வேலையில்தான் ஒரு புதியவர் தேறுவாரா மாட்டாரா என்பது தெரியும். கொள்முதல் பதிவேட்டை 2பியோடு ஒப்பிட வேண்டும். சப்ளையர் தன் பில் எண்ணை 0047 என்று ஏற்றியிருப்பார், இங்கே டேலியில் 47 என்று அடித்திருப்பார்கள். எக்செல்லில் வி-லுக்கப் போட்டுத் தேடினால், பொருந்தவில்லை என்று என்.ஏ. வரும். அல்லது பில் எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கும். அதை நீக்க டிரிம் போடத் தெரியாதவர் நானூறு வரியையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிமாநிலப் பில்லுக்கு ஐ.ஜி.எஸ்.டி. போடுவதற்குப் பதில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரித்து ஏற்றியிருப்பார்கள். சப்ளையர் பில்லையே ஏற்றாமல் விட்டிருப்பார். அவருக்கு போன் போட்டு, சண்டை போடாமல், அடுத்த மாதமாவது ஏற்ற வைக்க வேண்டும். அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 தாண்டினால், கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் அந்த வரவு போனது போனதுதான்.

இதை ஒரு வருஷம் ஒழுங்காகச் செய்தவருக்குச் சந்தையில் விலை உண்டு. வெறும் பில் என்ட்ரி போட்டவருக்கு இல்லை. சென்னையில் பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் கணக்கு மையங்களிலும் இதே கதை. சப்ளையர் பில்லை ஏற்றும் பிரிவில், அதாவது பி-டு-பியில்தான் புதியவர்களை அதிகம் எடுப்பார்கள். பில்லைப் படித்து ஏற்றும் வேலையை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது. மூன்று வருஷம் அங்கேயே உட்கார்ந்தவர் அடுத்த நேர்காணலில் "மாதக் கணக்கு முடிக்கத் தெரியுமா? ப்ரொவிஷன் என்ட்ரி ஏன் போடுகிறோம்?" என்ற கேள்வியில் விழுந்துவிடுகிறார். அதே மையத்துக்குள் பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதத்தில் ஐ.ஜே.பி. என்று உள் அறிவிப்பு வரும். அதில் விண்ணப்பித்து ஆர்-டு-ஆர் பக்கம், அதாவது மாதக் கணக்கு முடிப்பும், கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ரீகன்சிலியேஷனும் நடக்கும் பக்கம் நகர்ந்தவர்தான் பின்னால் நிதித் திட்டமிடல் பக்கம் போகிறார். சம்பளம் ஏறும் வழி இது. எட்டு விழுக்காடு இன்க்ரிமென்டுக்குக் காத்திருந்தால் 20,000 சி.டி.சி.யில் கூடுவது மாதம் 1,600.

ஆகவே வேலை எந்தப் பிரிவில் என்பதையும் பிளேஸ்மென்ட் பட்டியலில் எழுதுங்கள். கம்பெனிச் சின்னம் மட்டும் போதாது. சின்னத்திலும் ஒரு சிக்கல். பிளெக்ஸில் ஒரு பெரிய வங்கியின் சின்னம் இருக்கும், ஆஃபர் லெட்டரைப் பிரித்தால் ஓர் ஆள்சேர்ப்பு ஏஜென்சியின் பெயர் இருக்கும். இப்படி ஏஜென்சி வழியாக வரும் ஆஃப்-ரோல் வேலை தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. கற்றுக்கொள்ளலாம், டார்கெட்டைத் தொட்டால் ஆன்-ரோல், அதாவது வங்கியின் நேரடி ஊழியர் ஆவதும் உண்டு. ஆனால் பி.எஃப். கட்டுவது ஏஜென்சி, அனுபவச் சான்று தருவதும் ஏஜென்சி. ரெஸ்யூமில் வங்கியின் பெயரைப் போட்டு, பின்னணிச் சரிபார்ப்பில் யு.ஏ.என். வரலாற்றில் வேறு பெயர் வந்து, கிடைத்த வேலையை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்காதது யார் தவறு?

குறித்த காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவதாக எழுதிக் கொடுக்கும் பாண்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று சீனியர்கள் சொல்வதை மாணவர்கள் நம்புகிறார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லா பாண்டும் செல்லும் என்று இதற்குப் பொருளில்லை, தொகை நியாயமாக இருக்க வேண்டும். 15,077 வாங்குகிறவரிடம் இரண்டு லட்சத்துக்குக் கையெழுத்துக் கேட்கும் நிறுவனத்தைக் கல்லூரி வளாகத்துக்குள் விடலாமா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனத்தையும், லேப்டாப்புக்கு டெபாசிட் கேட்கும் நிறுவனத்தையும் யோசிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மூன்று வருஷக் கணக்கு எதற்கு என்பதற்கு வருகிறோம். உங்கள் நல்ல மாணவர்கள் பலர் முதல் வருஷப் பட்டியலில் வரவே மாட்டார்கள். பி.காம்.மில் 55 விழுக்காடு எடுத்தவர் முதல்கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமலே சி.ஏ.வின் அடுத்த கட்டமான இன்டருக்குப் போகலாம். சி.ஏ. மாணவர்களின் கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் 2023 ஜூலை முதல் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அந்த இரண்டு வருஷமும் சின்ன ஸ்டைபெண்டில் ஓட்டும் மாணவியைக் கல்லூரி 'அன்பிளேஸ்டு' என்று எழுதும். வங்கித் தேர்வுக்குப் படிப்பவரும் அப்படித்தான். எழுத்தராகத் தேறினால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 24,050, அதிகாரியானால் 48,480, படிகள் தனி. டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 இளநிலை உதவியாளருக்கு 19,500-ல் தொடக்கம். இவர்களை விட்டுவிட்டு, கேம்பஸில் வந்த 2.4-ஐ மட்டும் எண்ணினால் உங்கள் கல்லூரிக்கே நஷ்டம்.

எப்படித் திரட்டுவது? கல்லூரிகளை மதிப்பிடும் 'நாக்' (NAAC) அமைப்புக்குக் காட்ட ஆஃபர் லெட்டர் நகல்களை ஏற்கெனவே வாங்கி வைக்கிறீர்கள். முதல் பக்கத்தோடு அனெக்சரையும் வாங்குங்கள், சம்பளக் கணக்குக்கு அது போதும். மூன்று வருஷத் தகவலுக்குக் கல்லூரி மின்னஞ்சலை நம்பாதீர்கள், படிப்பு முடிந்ததும் அதை யாரும் திறப்பதில்லை. டி.சி. கொடுக்கும்போது மாணவரின் போன் எண்ணோடு வீட்டாரின் போன் எண் ஒன்றையும் வாங்குங்கள். ஆறு கேள்வி போதும்: இப்போது வேலையா படிப்பா, எந்தப் பிரிவு, ஆன்-ரோலா, மாதம் கையில் எவ்வளவு, எத்தனையாவது வேலை, முதல் வேலையை ஏன் விட்டார். கடைசிக் கேள்விதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். இரண்டாம் ஆண்டு மாணவர்களையே போன் செய்யச் சொல்லுங்கள், ஆளுக்குப் பத்து அழைப்பு. வெளியிடும்போது பெயர் வேண்டாம், துறைவாரியாக இடைநிலை போதும். பதில் வராதவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கூடவே, ஐந்தாம் செமஸ்டரில் ஒரே ஒரு மதியம் தாருங்கள். பெயரும் நிறுவனமும் மறைத்த மூன்று அனெக்சர்களைக் கொண்டுவருகிறோம்: ஒன்று இ.எஸ்.ஐ. உள்ளது, ஒன்று வேரியபிள் உள்ளது, ஒன்று ஏஜென்சி வழியாக வந்தது. கையில் வருவது எவ்வளவு என்று மாணவர்களே கணக்குப் போடட்டும். தாள், பேனா, செல்போன் கால்குலேட்டர் போதும், ப்ரொஜெக்டர் வேண்டாம். கட்டணம் எதுவும் இல்லை. வகுப்புக்கு அறுபது பேருக்கு மேல் வேண்டாம், பின்வரிசையில் இருப்பவரின் கணக்கையும் திருத்திக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல், ஆளெடுப்பு, கணக்கு, தணிக்கைத் துறைகளில் பணிபுரியும் சிலர்